வளர்த்தலும் வைத்திருத்தலும்

ஓருயிரைப் பேணுதல் என்பது யாது? அது சாகாமல் பார்த்துக்கொள்வதா? அல்லது அது தன் இயல்புப்படி முழுவளர்ச்சி எய்துவதற்குத் துணைநிற்பதா? இவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணத்தில்தான் நம்மில் பலர் வாழ்ந்துவருகிறோம். இரண்டும் வேறுவேறு என்பதை எண்ணிப்பார்க்கப் பெரிய எடுத்துக்காட்டுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு முன்னறையில் நிற்கும் ஒரு தொட்டிச் செடி போதும்.

பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கிப் பக்கம் குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் முதலிய ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விருந்தினரைக் காண்கிறேன். அகன்ற பச்சை இலை. விளிம்பிலிருந்து நடுநரம்பு நோக்கி யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாற் போன்ற பிளவுகள். நரம்பை ஒட்டிச் சிறு துளைகள். நர்சரியில் மான்ஸ்டெரா என்று சொல்லி விற்கிறார்கள். தென் மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள மழைக்காடுகள் அதன் தாயகம். 1849இல் லீப்மன் என்னும் டென்மார்க் நாட்டுத் தாவரவியலார் அதற்கு மான்ஸ்டெரா டெலிசியோசா என்று பெயர் சூட்டினார். பெயரின் பிற்பகுதிக்குச் சுவைமிக்கது என்று பொருள். காட்டில் அது காய்த்து, ஓராண்டளவு காத்திருந்து கனியும். அன்னாசியும் வாழையும் கலந்தாற் போன்ற மணம் என்பர். பழுக்காத காயோ நாக்கையும் தொண்டையையும் அரித்துவிடும். வியப்பில்லை; சேம்பும் சேனையும் கருணையும் பிறந்த குடும்பத்தில்தான் இதுவும் பிறந்தது. (நாக்கைப் பதம்பார்க்கும் ஒரு கிழங்குக்குக் கருணை என்று பெயரிட்ட நம் முன்னோரின் நகைச்சுவை எனக்கு எப்போதும் விளங்கியதில்லை.)

இந்தச் செடியை வாங்கி வந்தவர்கள் பெரும்பாலும் ஈராண்டு கழித்து ஒரே முறையீட்டைச் சொல்கிறார்கள்: "செடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இலை பிளக்கவில்லை." தண்ணீர் ஊற்றுகிறார்கள், இலையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள், உரமும் இடுகிறார்கள். செடி வாடவில்லை. எனினும் புதிதாக வரும் ஒவ்வோர் இலையும் வெற்றிலை வடிவில், பிளவின்றிச் சிறிதாகவே விரிகிறது.

காரணம் எளிது. அது ஏறுகொடி. இளமையில் பிளவற்ற சிற்றிலைகளோடு தரையில் ஊரும். மரம் ஒன்றைப் பற்றி ஏறத் தொடங்கிய பிறகே, உயரமும் ஒளியும் கூடக்கூட, இலை பெருத்துப் பிளக்கத் தொடங்கும். நிலைப்பேழையின் ஓரத்து இருட்டில், பற்றுவதற்கு ஒன்றுமின்றி நிற்கும் கொடிக்குத் தான் இன்னும் தரையில் கிடப்பதாகவே கணக்கு. இதைப் புரிந்துகொள்ள நம் மலைநாட்டவர்க்குப் பாடநூல் வேண்டியதில்லை. முள்முருக்கிலோ சில்வர் ஓக்கிலோ ஏறிய மிளகுக்கொடிதான் பக்கக்கிளை விட்டுக் காய்க்கும். அடியிலிருந்து தரையில் ஓடும் கொடி எத்தனை கோல் நீண்டாலும் காய்ப்பதில்லை.

மான்ஸ்டெரா வாங்காத வீட்டிலும் மணிபிளான்ட் இருக்கும். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு கண்ணாடிக் குப்பியில் நீரில் நின்றுகொண்டு, நான்கு விரல் அகல இலைகளோடு பத்தாண்டுகள் உயிர்வாழும். பணம் கொண்டுவரும் என்பது நம்பிக்கை. எனக்குத் தெரிந்து அகவிலைப்படியைத் தவிர வேறெதுவும் அதனால் உயர்ந்ததில்லை. அதன் தாயகம் பசிபிக் கடலில் தாகித்தியை அடுத்த மூரேயா என்னும் சிறு தீவு. அது பூப்பதே அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் என்னும் பொருளை உண்டாக்கும் திறன் அதனிடம் குறைந்துபோனதே காரணம் என்று 2016இல் ஆய்வாளர் கண்டனர். ஆகவே அது விதையால் பெருகவில்லை. கையிலிருந்து கைக்கு, தண்டுத் துண்டாகவே உலகைச் சுற்றிவந்திருக்கிறது.

எங்கள் அரசுக் குடியிருப்பின் பின்புறம் ஒரு பலாமரம் உண்டு. என்றோ மாறுதலாகிச் சென்ற ஒருவர் குப்பியிலிருந்த மணிபிளான்டை அதன் அடியில் கொட்டிவிட்டுச் சென்றிருக்க வேண்டும். இன்று அந்தக் கொடி இரண்டு ஆள் உயரம் ஏறியிருக்கிறது. தண்டு கட்டைவிரல் பருமன். மேலே உள்ள இலைகள் முழ நீளத்துக்கு மேல். விளிம்புகள் மான்ஸ்டெராவைப் போலவே பிளந்திருக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் அது வேறு ஏதோ காட்டுக்கொடி என்றுதான் நினைப்பார்கள். "உங்கள் வீட்டுக் குப்பியில் இருப்பதும் இதுவும் ஒன்றே" என்றால் நம்ப மறுப்பார்கள். அவர்கள் மறுப்பதில் பிழை இல்லை. பத்தாண்டுகள் ஒன்றோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும், அது யார் என்பதை ஒரு நாளும் பார்க்காதிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வது யார்க்கும் கடினந்தான்.

குப்பியில் இருந்ததைப் பேணாமல் விட்டோம் என்று சொல்ல முடியுமா? நீர் மாற்றினோம், தூசி துடைத்தோம். எங்கள் அலுவலக வழக்கில் சொன்னால், அது நிலுவையில் உள்ள கோப்பு. காணாமற் போகவில்லை; பதிவேட்டில் எண் இருக்கிறது; ஆண்டுக்கொரு முறை எடுத்துத் தட்டித் திரும்ப அதே அடுக்கில் வைக்கப்படுகிறது. கேட்டால், "கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது" என்று எழுத்தர் பெருமையாகவே சொல்வார். அந்தக் கோப்புக்குள் ஒருவருடைய ஓய்வூதியம் காத்துக்கிடக்கிறது என்பது வேறு செய்தி. இதையே நான் வைத்திருத்தல் என்கிறேன். வளர்த்தல் வேறு.

நம் பழைய வள்ளல்கள் இருவரை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம். முல்லைக்குத் தேர் ஈந்தவன் பறம்பு மலைத் தலைவன் பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்தவன் பழனி மலைப் பக்கத்துத் தலைவன் பேகன். பள்ளிப் பாடத்தில் இருவரையும் ஒரே மூச்சில் படித்தோம். கொடைமடம் என்ற ஒரே சொல்லால் இருவரையும் குறிப்பதும் மரபு. ஆயின் இரண்டு கொடைகளும் ஒரே தன்மையனவோ? மயில் போர்வையை உடுக்காது, போர்த்துக்கொள்ளாது என்பது பேகனுக்கும் தெரியும் என்றே புறநானூற்றில் பரணர் பாடியிருக்கிறார். குளிர் என்று கருதியபோது பேகன் மனம் இளகியது; தனக்குக் குளிர்ந்தால் எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுத்தான். அவன் அருள் மெய்யானது, ஐயமில்லை. எனினும் அப்போர்வை மயிலின் எந்தக் குறையையும் தீர்க்கவில்லை. பாரியின் கதை அன்னதன்று. பற்றுக்கோடின்றிக் காற்றில் ஆடிய கொடிக்கு வேண்டியது ஏறுவதற்கு ஒரு கொழுகொம்பு. அவன் கையில் அப்போது கொழுகொம்பாகக் கூடியது தேர் ஒன்றே. அதை விட்டுச் சென்றான். தேர் வீண் என்று நகைப்போர், அரசன் ஆளனுப்பி ஒரு கழி நடச் செய்திருக்கலாமே என்பர். இருக்கலாம். என்றாலும் கொடுத்த பொருள் பெற்ற உயிருக்குப் பொருந்தியது என்பதை அவர்களும் மறுக்க இயலாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாரி அந்த முல்லையைப் பெயர்த்துத் தேரில் ஏற்றி அரண்மனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. கொடியின்மேல் இரக்கம் கொண்ட செல்வர் வேறொருவர் அதைத்தான் செய்திருப்பார். நாமும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். பாரி கொடியை அதன் இடத்தில் விட்டுவிட்டுத் தன் தேரை அதனிடம் விட்டான். நடந்து வீடு திரும்பியவன் அவன்.

கொடிக்கு என்ன தெரியும், அதற்கு ஏது விருப்பு வெறுப்பு என்று கேட்கலாம். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்து, அந்த ஓரறிவு உற்றறிதல், அதாவது தொட்டறிதல் என்கிறது. ஏறுகொடிகளைப் பார்க்குந்தோறும் இவ்வகுப்பின் நுட்பம் எனக்கு வியப்பளிக்கிறது. கணுவிலிருந்து புறப்படும் வேர் பட்டையைத் தொட்டுப் பற்றுகிறது. பற்றி ஏறினால் இலை பெருக்கிறது. அதே கொடியைக் கூடையிலிட்டுத் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகிறது. அதற்குள்ள ஓரறிவு தொடுதல்தான் என்றால், தொடுவதற்கு ஒன்றும் தராமல் வைப்பது அந்த ஓரறிவையும் மூடிவிடுவதாகும். பெரிய கொடுமை என்று சொல்லமாட்டேன். கொடுமைக்கும் அன்புக்கும் நடுவில் பெயரில்லாத நிலைகள் பல உண்டு. அவற்றில் ஒன்று இது.

அது மட்டுமன்று, நமக்குத் தெரிந்த நன்மையை அதன்மேல் ஏற்றுவதிலும் தவறிவிடுகிறோம். செடி என்றால் ஒளியைத்தான் நாடும் என்று சன்னல் பக்கம் திருப்பித் திருப்பி வைக்கிறோம். 1975இல் ஸ்ட்ராங், ரே என்னும் இரு ஆய்வாளர்கள் கோஸ்டா ரிக்காக் காட்டில் மான்ஸ்டெரா இனத்துக் கொடி ஒன்றின் நாற்றுகளைக் கவனித்து ஒரு புதுமையை வெளியிட்டனர். விதையிலிருந்து முளைத்த நாற்று ஒளியை நோக்கிச் செல்வதில்லை. அருகில் எது மிக இருண்டு தெரிகிறதோ அதை நோக்கித் தரையில் ஊர்கிறது. காட்டில் இருண்டு தெரிவது பெருமரத்தின் அடித்தண்டு. அதைச் சென்று தொட்ட பின்னரே ஒளியை நோக்கி மேலே திரும்புகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த நாற்று வழிதவறிப் போவதாகவே தோன்றும்.

இலையின் பிளவுக்குமே காரணம் உண்டு. அடர்காட்டின் அடியில் வெயில் விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாக விழுகிறது. அதே அளவு இலைப்பொருளைத் துளையும் பிளவுமாக அகல விரித்தால், ஏதேனும் ஒரு திட்டு ஏதேனும் ஓர் ஓரத்தில் விழும். வரவு ஏறுமாறாக இராது. இது 2013இல் மியூர் என்பவர் கணக்கிட்டுச் சொன்ன கருத்து. மாதச் சம்பளக்காரனுக்கு இந்த நியாயம் உடனே விளங்கும். அந்தத் துளைகள் எவ்வாறு உண்டாகின்றன? இலை மொட்டுக்குள் சுருண்டிருக்கும்போதே குறித்த இடத்து உயிரணுக்கள் தாமாக மடிந்து வழிவிடுகின்றன. பின்னர் இலை விரிய விரியத் துளையும் விரிகிறது. குறையற்ற இலை வேண்டும் என்று நாம் விரும்பும் காலத்தில், அக்கொடி தன் இலையிலேயே சிறிது இழந்துதான் முதிர்ச்சி எய்துகிறது.

இனி அரிய செடி என்னும் மோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியா, தாய்லாந்துக் காடுகளில் வளரும் ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்னும் பிளவிலைக் கொடியின் வெள்ளை படர்ந்த வகை, ஒன்பது இலைகளோடு, 2021 சூன் மாதத்தில் நியூசிலாந்து ஏலம் ஒன்றில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய். இலையில் வெள்ளை என்றால் அவ்விடத்தில் பச்சையம் இல்லை; பச்சையம் இல்லையேல் உணவு இல்லை. வெள்ளை மிகுந்தால் அச்செடி தன்னைத் தானே ஊட்டிக்கொள்ள மாட்டாமல் மெலியும். அதன் இயலாமைக்கே அந்த விலை. இயலாமையை அழகென்று கொண்டாடுவதை நான் ஒப்பவில்லை. ஆயினும் பிறந்துவிட்ட ஒன்றைப் பேணுவதில் குற்றம் காண்பதற்கில்லை. நலிந்த பிள்ளைக்குத்தானே வீட்டில் கூடுதல் கவனம்.

குற்றம் வேறிடத்தில் நேர்கிறது. 2020இல் பெருந்தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இச்செடிகளின் விலை ஏறிற்று; பிலிப்பைன்ஸ் நாட்டில் காடுகளுக்குள் புகுந்து செடிகளைப் பறித்து விற்பது பெருகி, அரசே எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. நம் மலைகளிலும் பிளவிலைக் கொடி உண்டு. ராஃபிடோஃபோரா பெர்டூசா என்பது அதன் தாவரவியற் பெயர். பெர்டூசா என்றாலே துளையுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மரத்தையும் பாறையையும் பற்றி ஏறி நிற்கும். அதைக் கண்டதும் கணுவோடு ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் கை நீளுவது இயல்பு. காப்புக்காட்டிலிருந்து எடுப்பது 1961ஆம் ஆண்டுக் கேரள வனச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். ஏற்கெனவே கொழுகொம்பு கிடைத்து நிறைவாக வாழும் ஒன்றை இழுத்துவந்து குப்பியில் இடுவதற்கு அன்பு என்று பெயர் சொல்லலாகாது என்பதே என் வாதம். ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய செடியை வாங்குவோர்மேல் இப்பழி இல்லை. தேனி, கம்பம் பக்கத்து வாழை உழவர்க்கு அம்முறை பழக்கமானதே. அம்முறையால் செடி பெருகியதும் அரியவை எனப்பட்ட பிளவிலைச் செடிகள் சிலவற்றின் விலையும் இறங்கிவிட்டது.

அப்படியானால் எல்லாத் தொட்டிச் செடிகளையும் கொண்டுபோய் மரத்தடியில் விட்டுவிடலாமே என்பர். அதுவும் முறையன்று. மணிபிளான்ட் இலங்கை முதலிய நாடுகளில் காட்டுக்குள் தப்பிச் சென்று, மரங்களைப் போர்த்திப் படர்ந்து ஊறு செய்திருக்கிறது. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவைதாம். அயல்நிலத்துச் செடி என்று இவற்றைப் பழிக்கும்போது, பிழைப்புக்காக மலையேறி வந்த நம்போன்றோர்க்கு உள்ளூர ஒரு கூச்சம் எழுவதுண்டு, எழ வேண்டியதில்லை. தேயிலையும் காப்பியும்கூட இம்மலைக்கு வந்தேறிகளே. ஏலமும் மிளகுமே மண்ணின் மக்கள். செடியைக் கொண்டுவந்தவன் அதற்குப் பொறுப்பாவான் என்பதே இங்குள்ள அறம். வேலிக்குள் நிற்கும் ஒரு மரம், அல்லது தென்னை நார் சுற்றிய ஒரு கம்பம், வெயில் நேரே தாக்காத நல்ல வெளிச்சம், மேல்மண் காய்ந்த பின் நீர்; வேண்டியவை இவ்வளவே. எல்லாத் தொட்டியும் சிறை என்றும் நான் சொல்லவில்லை. மிளகின் பக்கக்கிளையை நட்டு வளர்க்கும் குற்றுமிளகு தொட்டியிலேயே காய்க்கும். ஏறவேண்டும் என்ற வேட்கை அதற்கு இல்லை. எது எந்த வகை என்று அறிந்துகொள்வது பேணுபவன் கடமை.

இவ்வளவும் செடியைப் பற்றியதுதானா என்று வாசகர் கேட்கலாம். என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தம் தாயாரைத் தம்மோடு குடியிருப்புக்கு அழைத்துவந்தார். கணவரை இழந்தவர், எழுபதைக் கடந்தவர், வாழ்நாள் முழுதும் வயலில் உழைத்தவர். மகனும் மருமகளும் குறைவைக்கவில்லை. ஒரு நாள் அவ்வம்மையார் என்னிடம், "சோறு இருக்குது, டி.வி. இருக்குது, மாத்திரை இருக்குது. கை வைக்க ஒரு வேலை இல்லை தம்பி" என்றார். நண்பர் இதைக் கேட்டு வருந்தினார். இன்னும் நல்ல மெத்தை ஒன்று வாங்கினார். பேகனின் போர்வை!

பின்னர் அடுத்த வீட்டு மலையாளக் குடும்பத்தினர் தங்கள் கிணற்றடி நிலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தனர். அம்மையார் அங்கே அவரைப்பந்தல் இட்டார், கீரை விதைத்தார், அந்த வீட்டு மூதாட்டியோடு ஆளுக்கொரு மொழியில் பேசி எப்படியோ ஒருவரையொருவர் புரிந்துகொண்டார். முகம் மாறிவிட்டது. ஆனால் முழங்கால் வலி கூடிற்று. ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். மருத்துவர் மகனைக் கடிந்துகொண்டார். வீட்டிலேயே இருத்தியிருந்தால் இந்த முறிவு வந்திராது என்பது உண்மை. கட்டுப் பிரித்த மறுநாள் அவர் கிணற்றடிக்குப் புறப்பட்டபோது நண்பர் வாசலில் நின்று தடுப்பதா விடுவதா என்று அறியாமல் தவித்தார். நான் அவர் நிலையில் இருந்தால் விட்டிருப்பேன். அவர் தாய் எனக்குத் தாய் அல்லர் என்பதால் அப்படிச் சொல்வது எனக்கு எளிது என்பதையும் அறிவேன். அவர் விட்டார், ஒரு கைத்தடி வாங்கிக் கொடுத்தார், கிணற்றடிக்குச் செல்லும் வழியில் பாசி படிந்த படிகளைத் தாமே தேய்த்துக் கழுவினார்.

நம் பிள்ளைகளைப் பற்றி இதே வகையில் நீட்டிச் சொல்லலாம். விரிப்பானேன், பிள்ளைகளைப் பெற்றவர் தாமே எண்ணிக்கொள்வர்.

எங்களைப் போன்ற நடுவண் அரசு ஊழியர்க்கு மாறுதல் ஆணை எந்நாளும் வரலாம். தொட்டிச் செடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். குப்பியில் உள்ளதை மடியில் வைத்தே கொண்டுபோகலாம். பலாமரத்தில் ஏறிவிட்ட கொடியை அப்படிக் கொண்டுசெல்ல முடியாது. அது பட்டையோடு பட்டையாய் ஒட்டிவிட்டது, இழுத்தால் வேரறும். விரும்பினால் நுனியில் இரண்டு கணு விட்டு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கணு இருந்தால் புது ஊரில் அது வேர்விடும். முதலில் வரும் ஓரிரு இலைகள் பெரியனவாக இருக்கும். கொழுகொம்பு கிடைக்காவிடில் அடுத்தடுத்து வருபவை சிறுத்து, பிளவு மறைந்து, மீண்டும் பழைய வெற்றிலை வடிவுக்கே வந்துவிடும்.